வினிகரும் கையொப்பமும்

மும்பைத் தமிழர்களின் பேச்சில் ‘டாட்டா’ என்ற சொல்லுக்கு உப்பையும் லாரியையும் தேயிலையையும் தாண்டிய ஒரு பொருள் உண்டு. “அவரை டாட்டாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள்” என்று தாராவியின் தொண்ணூறடிச் சாலையிலோ, மாட்டுங்காவின் கடைத்தெருவிலோ, செம்பூரில் ஒரு கோயில் வாசலிலோ யாரேனும் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு விவரம் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை அவ்வளவுக்கு இந்நகரத்து மக்களின் மொழியில் கலந்துவிட்டது. சயானில் மெதுவண்டியில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அதற்கடுத்து பரேல். தொலைவு மிகக் குறைவு. ஆனால் அந்தப் பயணத்தை மேற்கொள்ளும் குடும்பத்துக்கு அது எவ்வளவு நீளம் என்பதைப் போய்வந்தவர்களே அறிவார்கள்.

மேஹர்பாய் டாட்டா 1931-இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டில் அவருடைய கணவர் தோராப்ஜி டாட்டாவும் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை 1941 பிப்ரவரி 28 அன்று இந்த மருத்துவமனையைத் திறந்தது. 1957-இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்து, 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கி வருகிறது. அருகிலிருக்கும் நடைபாதைகளிலும், தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையிலும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வந்த நோயாளிகளும் உறவினர்களும் மாதக்கணக்கில் தங்கியிருப்பதை அப்பக்கம் சென்ற எவரும் பார்த்திருப்பர்.

அப்படி வந்தவர்களில் சிலரிடம் ஒருநாள் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. ‘கிளினிக்கல் டிரையல்’ என்று சொல்லப்படும் மருத்துவ ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்கும் படிவம். பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களா?” இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மும்பையிலேயே நடந்து உலகப் புகழ் பெற்ற ஓர் ஆய்வைப் பற்றி இதே கேள்வியை அமெரிக்க மருத்துவர் ஒருவரும் கேட்டார். அந்த ஆய்வின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தபடியாக நிற்பது கருப்பை வாய்ப் புற்றுநோய். மேலை நாடுகளில் ‘பாப்’ சோதனை பரவலான பிறகு அந்நோயால் ஏற்படும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பாப் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். கண்ணாடித் தகட்டிலுள்ள உயிரணுக்களைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற வல்லுநர் வேண்டும். முடிவைத் தெரிந்துகொள்ள அந்தப் பெண் மறுபடியும் வர வேண்டும். தினக்கூலியை நம்பி வாழும் பெண்ணுக்கு இரண்டாவது வருகை என்பது இரண்டாவது நாள் கூலியை இழப்பது. நாடு முழுவதற்கும் அந்த ஏற்பாட்டைச் செய்ய எத்தனை தலைமுறைகள் ஆகும் என்ற மலைப்பு மருத்துவர்களுக்கு இருந்தது.

மாற்றாக நின்றது சமையலறையில் இருக்கும் ஒரு பொருள். வினிகரைப் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, சுமார் ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல விளக்கொளியில் வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. மாறுதலடையத் தொடங்கிய உயிரணுக்களில் உட்கரு பெரிது, புரதமும் மிகுதி. அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரிந்து வெண்மையாகத் தெரியும். பால் திரிவதைப் பார்த்த எவருக்கும் இது புரியும். முடிவு அங்கேயே, அப்பொழுதே தெரிந்துவிடும். ஆய்வுக்கூடம் தேவையில்லை. பார்ப்பவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இது உயிரைக் காப்பாற்றுமா? ‘பார்த்தால் தெரிகிறது’ என்பது வேறு, ‘பார்த்ததால் மரணம் குறைந்தது’ என்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண, 1998-இல் டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்கள் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். சுரேந்திர சாஸ்திரி, இந்திரனீல் மித்ரா, கௌரவி மிஸ்ரா முதலியோர் அதை நடத்தினர். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நிதியளித்தது. 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்கள் இருபது பகுதிகளிலிருந்து சேர்க்கப்பட்டனர். பத்துப் பகுதிகளைச் சேர்ந்த 75,360 பெண்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் புற்றுநோய் விழிப்புணர்வும் வினிகர் சோதனையும் மார்பகப் பரிசோதனையும் கிடைத்தன. மற்றப் பத்துப் பகுதிகளைச் சேர்ந்த 76,178 பெண்களுக்கு ஆரம்பத்தில் ஒருமுறை விழிப்புணர்வுக் கல்வி மட்டும். எந்தப் பகுதி எந்தக் குழுவில் என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது.

குலுக்கல் ஏன் என்று கேட்கலாம். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலேயே எளிதாக வரக்கூடியவர்களையும் ஓரளவு வசதியுள்ளவர்களையும் சோதனைக் குழுவில் சேர்த்துவிடுவார். அவர்கள் எப்படியும் சற்று நலமாகவே இருப்பார்கள். பெருமை வினிகருக்குப் போய்ச் சேரும். பெண்களைத் தனித்தனியாகக் குலுக்காமல் பகுதி பகுதியாகக் குலுக்கியதற்கும் காரணம் உண்டு. குடிசைப் பகுதியில் சுவர்கள் பொதுவானவை. இந்த வீட்டுப் பெண்ணை அழைத்து அடுத்த வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டால், மாலைக்குள் அந்தச் சந்து முழுவதும் செய்தி பரவிவிடும். குழாயடியில் ஆய்வு கலைந்துவிடும்.

சோதனையைச் செய்தவர்கள் பள்ளிப் படிப்பை மட்டும் முடித்திருந்த பெண்கள். அவர்களுக்கு நான்கு வாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று பேசி அழைத்து வந்தவர்களும் அவர்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களே. உடம்பில் வலியில்லை, நோயில்லை, அப்படியிருக்க ஏன் வந்து படுக்க வேண்டும் என்று கேட்கும் பெண்ணையும், அவளுக்குப் பின்னால் நிற்கும் கணவரையும் மாமியாரையும் இணங்கச் செய்வது எளிய வேலையன்று. இருந்தும் சோதனைக்கு வந்தோர் 89 விழுக்காடு. இந்த ஆய்வின் எண்களில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். மாறுதல் தென்பட்டு மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களிலும் 79 விழுக்காட்டினர் மருத்துவமனை வரை சென்றனர்.

2013 கோடையில் சிகாகோவில் கூடிய அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் மாநாட்டில், பன்னாட்டு நிறுவனங்களின் மருந்துகளுக்கு நடுவே, முதன்மை அரங்கில் சாஸ்திரி இந்த வினிகர் ஆய்வின் முடிவை வாசித்தார். சோதனை பெற்ற குழுவில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் 31 விழுக்காடு குறைந்திருந்தன. இந்தச் சோதனை நாடு முழுவதும் நடந்தால் ஆண்டுக்கு 22,000 மரணங்களைத் தவிர்க்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: இரண்டு குழுக்களிலும் முற்றிய நிலைக்கு வரும் நோயின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குறைந்தது நோயன்று, மரணம். சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டதால் சிகிச்சை பலித்தது.

இனி, சங்கடமான பகுதிக்கு வருவோம். முதல் குழுவில் மரணம் குறைந்தது என்று எப்படித் தெரிந்தது? இரண்டாவது குழுவில் குறையவில்லை என்பதால். அந்த இரண்டாவது குழுவில் இருந்தவர்களும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க பெண்கள். அவர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அமெரிக்க நோயியல் மருத்துவரான எரிக் சூபா இதைத்தான் கேட்டார். பாப் சோதனை பயனளிப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அப்படியிருக்க, எந்தச் சோதனையும் தராமல் ஒரு கூட்டத்தாரைக் கண்காணித்து மரணங்களை எண்ணுவது முறையா? மும்பை ஆய்வையும் அதைப் போன்ற வேறு இரண்டு இந்திய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, சோதனை பெறாத குழுக்களில் 254 பெண்கள் இந்நோயால் இறந்ததாக அவர் எழுதினார். ஒப்புதல் படிவத்தில் பாப் சோதனை என்ற வழி இருப்பதே போதிய அளவில் விளக்கப்படவில்லை என்பது அவருடைய மற்றொரு குற்றச்சாட்டு.

ஆய்வாளர்களின் பதில் இது: ஒப்பீட்டுக் குழுவிலிருந்த பெண்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை. அன்றைய இந்தியாவில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது ‘எந்தச் சோதனையும் இல்லை’ என்பதுதான். அவர்களுக்கு விழிப்புணர்வுக் கல்வி கிடைத்தது. நோய் வந்தவர்களுக்கு டாட்டாவில் சிகிச்சை கிடைத்தது. நாட்டால் தாங்க முடியாத சோதனையோடு ஒப்பிட்டு நிறுவினால், அந்த முடிவால் நாட்டுக்கு என்ன பயன்? முடிவு தெளிவானதும், ஒப்பீட்டுக் குழுவுக்கும் சோதனையை அளிக்கும்படி ஆய்வை மேற்பார்வையிட்ட தன்னாட்சிக் குழு அறிவுறுத்தியது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஆய்வு நடந்திருக்கவே கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. உறுதியான எண்கள் இல்லாமல் எந்த அரசும் எழுபதாயிரம் பெண்களுக்கு என்ன, எழுநூறு பெண்களுக்குக்கூடப் பணம் ஒதுக்காது. ஆனால் படிவத்தைப் பற்றிய குற்றச்சாட்டு வலுவானது. வேறு வழி ஒன்று உலகில் இருக்கிறது என்பதை ஒரு பெண்ணிடம் சொல்லாமல் பெறும் கையொப்பம் அரைக் கையொப்பமே.

மேலே குறிப்பிட்ட வேறு இரண்டு ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையுடனும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துடனும் சேர்ந்து 2000-இல் அதைத் தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 49,000 பெண்களைச் சோதனைக் குழுவிலும், சுமார் 31,000 பேரை ஒப்பீட்டுக் குழுவிலும் வைத்து, ஒரே ஒருமுறை வினிகர் சோதனை செய்தார்கள். மாறுதல் தென்பட்டால், தகுதியுள்ளவர்களுக்கு உறையவைத்து அழிக்கும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற செவிலியரே அளித்தனர். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. மரணம் 35 விழுக்காடு குறைந்தது. மும்பையில் நிகழாத ஒன்றும் இங்கே நிகழ்ந்தது: நோயே 25 விழுக்காடு குறைந்தது. மூன்றாவது ஆய்வு மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதில். ஹெச்.பி.வி. கிருமியைத் தேடும் சோதனையை ஒரே ஒருமுறை செய்ததில் மரணம் ஏறத்தாழப் பாதியானதாக 2009-இல் அறிவித்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் அந்தச் சோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைக்கிறது. விலை ஒன்றுதான் தடை.

தமிழ்நாடு அரசு 2007-இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் வினிகர் சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. மத்திய அரசு 2016-இல் வகுத்த வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் எப்போதேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் 9.8. ஒன்றரை லட்சம் மும்பைப் பெண்களின் பல ஆண்டுக் காத்திருப்புக்கு நாடு தந்த மறுமொழி இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே மும்பைப் பெண்களிடம் நடந்த மார்பக ஆய்வின் முடிவு வெளிவர 2021 ஆயிற்று. எக்ஸ்ரே எதுவும் இல்லாமல், பயிற்சி பெற்ற பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை அது. நோய் முற்றுவதற்கு முன் கண்டறியப்படுவது கூடியது; 50 வயதைக் கடந்தவர்களிடம் மரணம் சுமார் 30 விழுக்காடு குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 விழுக்காடு. அது தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்று புள்ளியியல் சொன்னது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். இருபது ஆண்டு உழைப்பின் முடிவில் ‘ஓரளவு’ என்று எழுதக் கை கூசாதவர்களை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

பரேலில் கேட்கப்பட்ட வேறு சில கேள்விகளும் இதே வகையைச் சேர்ந்தவை: பதில் கிடைத்தால் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லாத கேள்விகள். மார்பகக் கட்டியை அறுப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், பல் மருத்துவர் போடும் மரப்பூசி மருந்தான லிடோகெய்னைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தினால் என்ன ஆகும் என்று ராஜேந்திர பட்வே தலைமையிலான குழு கேட்டது. பதினொரு மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 90.1 விழுக்காடு, போடாதவர்களில் 86.4. நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கூடுதலாக வாழ்கிறார்கள். காப்புரிமை என்றோ தீர்ந்துபோன மருந்து. விற்பனைப் பிரதிநிதி எவரும் இதை எடுத்துக்கொண்டு மருத்துவர்களின் வாசலில் நிற்கப்போவதில்லை.

தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமாக இரு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் தருவார்கள். அந்த விலையைக் கொடுக்க இயலும் இந்தியக் குடும்பங்கள் மிகச் சில. டாட்டாவின் மருத்துவர்கள் 151 நோயாளிகளிடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராமைச் சாதாரண மாத்திரைகளோடு சேர்த்துத் தந்து பார்த்தார்கள். மாத்திரைகளை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு வாழ்ந்தவர்கள் 16 விழுக்காடு. சிறு அளவு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43. முழு அளவோடு இது ஒப்பிடப்படவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. அது முழு அளவுக்கு ஈடு என்று யாரும் நிறுவவில்லை. ‘ஒன்றுமே இல்லை’ என்பதற்கும் ‘முழு விலை’ என்பதற்கும் நடுவே ஒரு படி இருக்கிறது என்பதுதான் நிறுவப்பட்டது.

இனி அந்தப் படிவத்துக்குத் திரும்புவோம். பணம் பற்றிய பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. புதிய மருந்துகளை ஆராயும் ஆய்வுகளுக்கு 2019-இல் வகுத்த விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆய்வினால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தருவது ஆய்வை நடத்துவோரின் கடமை. ஆய்வுக்குரிய புதிய மருந்துக்கு நம்மிடமே பணம் கேட்டால், அதை ஆய்வு என்று நம்புவதற்கு முன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவை விசாரிக்க வேண்டும். வழக்கமான பரிசோதனைகளின் செலவு யாருடையது, ஊரிலிருந்து வந்துபோகும் பயணச் செலவு கிடைக்குமா என்பவற்றைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்களின் விலக்குப் பட்டியலில் ‘நிரூபிக்கப்படாத சிகிச்சை’ என்ற ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

2009 ஜூன் முதல் இந்தியாவில் இத்தகைய ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்வது கட்டாயம். அந்தப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பதிவு எண்ணைக் கேட்டால் மருத்துவர் சொல்ல வேண்டும். சேர மறுத்தாலும், நடுவில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை நிறுத்தப்படக்கூடாது. குலுக்கலில் எந்தக் குழு நமக்கு விழும் என்பதை மருத்துவராலும் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதை அவர் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வுக்கு வெளியே வேறு என்ன வழிகள் உள்ளன என்பதையும்.

படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் அதை முழுமையாக வாசித்துக் காட்ட வேண்டும். தாராவியிலிருந்து வரும் பெண்ணுக்கு மராத்தியும் இந்தியும் காதில் விழுந்து பழகியிருக்கலாம்; காய்கறி வாங்கவும் பேருந்தில் இடம் கேட்கவும் அது போதும். இந்தக் காகிதத்துக்குப் போதாது. அதைத் தமிழில் தரும்படி அவர் கேட்கலாம். வீட்டுக்கு எடுத்துச் சென்று, மகனிடமோ மகளிடமோ கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொல்லி, மறுநாள் வந்து பதில் சொல்லலாம்.